அடுப்பு வரியும் கரி வரியும்

ஒரு குடும்பத்தின் செல்வநிலையை அறிய விரும்புவோர் அதன் பணப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுவதில்லை. அது எவ்வளவு எரிக்கிறது என்று கண்டாலே பெரும்பாலும் போதும். விறகு எரித்த காலத்திலும் இஃது உண்மை. மின்சாரமும் பெட்ரோலும் செலவாகும் இக்காலத்திலும் இஃது உண்மையே. ஓர் அடுப்பு மூட்டுபவன் ஏழை. பத்து அடுப்பு மூட்டுபவன் செல்வன். இன்றோ அடுப்பின் இடத்தைக் குளிர்சாதனமும் மோட்டார் வண்டியும் வானூர்திப் பயணமும் பிடித்துக்கொண்டன.

எரிப்பது எதுவாயினும் அதிலிருந்து வெளிப்படும் கரியமில வாயு வானத்தில் தங்கி உலகை வெம்மையுறச் செய்கிறது என்பதை அறிவியலார் ஐயமற நிறுவிவிட்டனர். ஆகவே எரிப்பதைக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு எரிபொருளின் மீது வரி விதிக்க வேண்டும் என்று பொருளியலார் பலர் கூறுகின்றனர். அவ்வரிக்குக் கரி வரி என்று பெயர். அதன் சுமை எவர் தோளில் விழும் என்னும் கேள்வி இன்று பல நாடுகளின் ஆட்சியையே அசைத்து வருகிறது.

இக்கேள்வி புதியதன்று. மக்கள் மூட்டும் நெருப்பை எண்ணி வரி வாங்கிய அரசுகள் முன்பே இருந்தன. அவற்றுள் ஆங்கில நாட்டின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படுவது. அதனை முதலில் நோக்கிப் பின்னர் நம் காலத்துக்கு வருவோம்.

புகையை எண்ணிய அரசுகள்

கிழக்கு ரோமப் பேரரசில், அதாவது பைசாந்தியத்தில், குடும்பந்தோறும் வாங்கப்பெற்ற ஒரு வரிக்குக் கப்னிக்கோன் என்று பெயர். கிரேக்க மொழியில் கப்னோஸ் என்றால் புகை. கூரையின்மேல் புகை எழுந்தால் உள்ளே ஒரு குடும்பம் வாழ்கிறது என்று கொண்டு வரி வாங்கினர். இடைக்காலப் பிரான்சிலும் ஃபுவாழ் என்றொரு வரி இருந்தது. அதுவும் அடுப்பைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே. இவ்விரண்டிலும் அடுப்பு என்பது குடும்பத்துக்கு அடையாளம் மட்டுமே.

ஆங்கில நாடு ஒரு படி மேலே சென்றது. ஒரு வீட்டில் எத்தனை அடுப்புகள் உள்ளன என்றே எண்ணத் தொடங்கிற்று. முடியாட்சி மீண்டு இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபோது, அரசின் செலவுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் பவுன் வேண்டுமென்று பாராளுமன்றம் கணக்கிட்டது. வருவாய் அந்த அளவை எட்டவில்லை. குறையை நிரப்பவே 1662-இல் அடுப்பு வரிச் சட்டம் நிறைவேறியது. வீட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்புக்கும், குளிர்காயும் கணப்புக்கும், ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி. அதனை மார்ச்சு மாதத்தில் ஒரு பாதியும் செப்டம்பரில் ஒரு பாதியுமாகச் செலுத்த வேண்டும்.

முந்திய ஆண்டு, 1661-இல், ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டன் நகரின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதி அதே மன்னரிடம் அளித்திருந்தார். ஆனால் வரிக்கும் அந்நூலுக்கும் தொடர்பில்லை. மன்னருக்கு வேண்டியிருந்தது பணம், தூய காற்றன்று. எனினும் செய்கையில் அது எரிப்பதன் அளவுக்கேற்ற வரியாகவே அமைந்தது. மாளிகையில் இருபது கணப்பு வைத்திருந்தவர் நாற்பது ஷில்லிங் செலுத்தினார். குடிசைவாசி இரண்டு ஷில்லிங் செலுத்தினார்.

ஏழைகளைச் சட்டம் அடியோடு மறந்துவிடவில்லை. வறுமையினால் திருச்சபை வரியும் ஏழையர் வரியும் செலுத்த இயலாதவர்க்கு விலக்கு உண்டு. ஆண்டு வாடகை மதிப்பு இருபது ஷில்லிங்குக்கு மேற்படாத வீட்டில் வாழ்ந்து, பத்துப் பவுனுக்கு மேல் பொருள் இல்லாதவர்க்கும் விலக்கு உண்டு. சில ஊர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு விலக்குப் பெற்றன. அன்று எழுதிய அடுப்புக் கணக்கேடுகளைக் கொண்டுதான் பதினேழாம் நூற்றாண்டில் எந்தத் தெருவில் செல்வர் வாழ்ந்தனர், எந்தத் தெருவில் வறியோர் வாழ்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் இன்று வரைந்து காட்டுகின்றனர்.

வயலுள் புகுந்த யானை

தாளில் நோக்கினால் இது நேரிய வரியாகவே தோன்றும். இருப்பவன் மிகுதியாகச் செலுத்துகிறான். இல்லாதவன் விலக்குப் பெறுகிறான். பின் ஏன் மக்கள் இதனை வெறுத்தனர்? சட்டம் பிறந்த சில வாரங்களிலேயே, வற்புறுத்தினாலன்றி இதனைச் செலுத்தோம் என்று மக்கள் முணுமுணுப்பதாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

காரணம் வரி வாங்கிய முறை. அடுப்பு வீட்டுக்குள்ளே இருப்பது. அதனை எண்ண வேண்டுமானால் அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டும். அடுக்களையும் படுக்கையறையும் முன்பின் அறியாத ஆடவருக்குத் திறந்துவிடப்பட்டன. 1664-இல் சட்டம் கடுமையாயிற்று. இரண்டுக்கு மேற்பட்ட அடுப்புடையோர்க்கு வறுமையின் பேரால் விலக்கில்லை. வரிக்கு அஞ்சி அடுப்பை அடைத்தவர் இரட்டிப்பாகச் செலுத்த வேண்டும். பிற்காலத்தில் வரி வாங்கும் உரிமையே குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் இலாபம் தேடுவானேயன்றி விலக்குக்கு உரியவர் யாரெனத் தேடுவானா?

மக்களும் தப்ப வழி தேடினர். ஆக்ஸ்போர்டுசயரில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் 1684-இல் ஒரு பெருந்தீ மூண்டது. இருபது வீடுகள் எரிந்தன, நால்வர் மாண்டனர். புகைபோக்கி வரியிலிருந்து தப்புவதற்காக ரொட்டி சுடும் பெண்ணொருத்தி தன் அடுப்பின் புகையைச் சுவரில் துளையிட்டு அண்டை வீட்டுப் புகைபோக்கியில் விட்டதே அதற்குக் காரணம் என்பது அவ்வூர் வழக்கு.

1688-இல் வில்லியம் படையுடன் வந்திறங்கி இலண்டனை நோக்கிச் சென்றபோது, வழியெங்கும் அவர் செவியில் விழுந்தது இவ்வரியைப் பற்றிய முறையீடே. 1689 மார்ச்சில் அதனைக் கைவிட இசைவதாக அவர் மக்களவைக்குச் செய்தி அனுப்பினார். வரி ஒழிந்தது. ஒழித்த சட்டம் இரண்டு குறைகளைச் சுட்டியது. ஒன்று, அது ஏழையரை நசுக்கியது. மற்றொன்று, அது அயலாரை வீட்டினுள் நுழையவிட்டு மக்கள் அனைவரையும் அடிமைபோல் ஆக்கியது.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த அறிவுரை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. சிறு நிலத்து நெல்லையே ஆயினும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்து மேய்ந்தால் அது தின்பதினும் காலால் மிதித்து அழிப்பது மிகுதியாகும். ஆங்கில நாட்டு அடுப்பு வரி வயலுள் புகுந்த யானையாகவே ஆயிற்று.

அடுத்து வந்தது 1696-ஆம் ஆண்டின் சாளர வரி. சாளரத்தைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம். உள்ளே நுழைய வேண்டியதில்லை. ஆனால் மக்கள் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். ஏழைகள் பலர் கூடி வாழ்ந்த பெரிய கட்டடங்களில் வீட்டு உரிமையாளரே அவற்றை அடைத்துவிட, குடியிருந்தோர் ஒளியும் காற்றுமின்றி நோயுற்றனர். 1851-இல்தான் இவ்வரி நீங்கியது. எதனை அளந்து வரி விதிக்கிறோமோ அதற்கேற்ப வாழ்க்கை மாறிவிடும் என்பதற்கு அடைபட்ட அச்சாளரங்களே சான்று.

ஐந்து நாள் இருள்

இனி, புகையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டு அதே நாடு செய்த ஒரு செயலைக் காண்போம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைமூட்டம் மூடியது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்பது அக்காலக் கணக்கு. பன்னீராயிரம் வரை இருக்கலாம் என்பது பின்வந்த ஆய்வாளர் மதிப்பீடு. ஆலைப் புகை மட்டும் காரணமன்று. இல்லந்தோறும் எரிந்த நிலக்கரியும் பெருங்காரணம். நல்ல கரிக்குத் தட்டுப்பாடு இருந்த அந்நாளில் எளிய மக்கள் மட்டமான தூள்கரியையே எரித்தனர்.

1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற வட்டாரங்களை நகராட்சிகள் வகுக்கலாம். அங்கே கரும்புகை விடுதல் குற்றம். அவ்வளவோடு நின்றிருந்தால் அது ஏழைக்குத் தண்டனையாக முடிந்திருக்கும். புதிய அடுப்புக்கு அவன் எங்கே போவான்? சட்டம் அதற்கும் வழி வகுத்தது. பழைய கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை நகராட்சி திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஏழில் நான்கை நடுவணரசு ஏற்கும். எஞ்சிய மூன்று பங்கே வீட்டாரின் பொறுப்பு. காற்று எல்லார்க்கும் பொது. ஆதலால் அதனைத் தூய்மையாக்கும் செலவும் பெரும்பகுதி பொதுச்செலவு. இக்கொள்கையை அன்றைய ஆட்சியாளர் ஏற்றனர். இலண்டன் காற்றும் நாளடைவில் தெளிந்தது.

எவர் புகை?

இலண்டன் புகை இலண்டனோடு நின்றது. கரியமில வாயுவோ எங்கு எழுந்தாலும் உலகனைத்துக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆகவே எவர் எவ்வளவு வெளியிடுகின்றனர் என்னும் கணக்கு இன்றியமையாததாயிற்று.

இதனை முதலில் உரக்கக் கேட்டவர்களில் புதுதில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் குறிப்பிடத்தக்கவர்கள். 1991-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், உழவனின் நெல்வயலிலிருந்து எழும் வாயுவையும் செல்வ நாட்டு மோட்டார் வண்டியின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்று வினவினர். முன்னது வாழ்வதற்காக எழுவது. பின்னது வசதிக்காக எழுவது. 1992-இல் ரியோ நகரில் ஏற்பட்ட உலக உடன்படிக்கை, பொறுப்பு எல்லார்க்கும் பொதுவெனினும் அளவில் வேறுபட்டது என்று ஒப்புக்கொண்டது.

அது நாடுகளுக்கு இடையிலான கணக்கு. நாட்டுக்கு உள்ளேயும் இதே வேறுபாடு உண்டு. பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசாங்கக் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குடும்பங்களின் நுகர்வால் எழும் வெப்ப வாயுக்களில் மிகுதியாக வெளியிடும் பத்து விழுக்காட்டுக் குடும்பங்களின் பங்கு 34 முதல் 45 விழுக்காடு. குறைவாக வெளியிடும் பாதிக் குடும்பங்களின் பங்கு 13 முதல் 15 விழுக்காடு மட்டுமே. ஒரு குடும்பத்தின் கரித்தடம் அதன் வருவாயோடு சேர்ந்தே வளர்கிறது. சமையலுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவில் பெரும் வேறுபாடில்லை. பயணத்திலும் பெரிய வீட்டிலும் வாங்கிக் குவிக்கும் பொருளிலுமே வேறுபாடு மிகுகிறது.

அங்ஙனமாயின் கரி வரி செல்வரையே மிகுதியாகத் தாக்கும் அன்றோ? இங்கேதான் கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாதம் 2,000 வெள்ளி ஈட்டும் குடும்பம் எரிபொருளுக்கு 100 வெள்ளி செலவிடுகிறது. 20,000 வெள்ளி ஈட்டும் குடும்பம் 400 வெள்ளி செலவிடுகிறது. எரிபொருள் மீது நூற்றுக்கு 25 வரி விதித்தால், ஏழை 25 வெள்ளி செலுத்துவான். செல்வன் 100 வெள்ளி செலுத்துவான். தொகையில் செல்வன் நான்கு மடங்கு செலுத்துகிறான். ஆனால் வருவாயோடு ஒப்பிட்டால் ஏழை இழப்பது நூற்றுக்கு 1.25, செல்வன் இழப்பது நூற்றுக்கு 0.5 மட்டுமே. மிகுதியாகப் புகைத்தவன் செல்வன். மிகுதியாக வருந்துபவன் ஏழை.

இதே கணக்கை இன்னும் ஒரு வரி நீட்டுவோம். வாங்கிய 125 வெள்ளியை இரு குடும்பங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 62.50 கிடைக்கும். ஏழைக்கு 37.50 வெள்ளி ஆதாயம். செல்வனுக்கு அதே அளவு இழப்பு. எரிபொருளின் விலை உயர்ந்தபடியே இருப்பதால் இருவருக்கும் சிக்கனத்தில் நாட்டமும் பிறக்கும். ஆகவே கரி வரி நேரியதா அன்றா என்பதை வரியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

இரு தோல்விகள்

இப்பாடத்தை மறந்ததனால் விளைந்த தோல்விகள் இரண்டினைக் கூறலாம். முதலாவது, அடுப்பு வரி கண்ட அதே ஆங்கில நாட்டில் நேர்ந்தது. 1993-இல் நிதியமைச்சர் நார்மன் லமாண்ட், அதுவரை விற்பனைவழி வரி இல்லாதிருந்த வீட்டு எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் வரி விதிப்பதாக அறிவித்தார். 1994 ஏப்ரலில் நூற்றுக்கு எட்டு. மறு ஆண்டு பதினேழரை. ரியோவில் அளித்த வாக்கைக் காப்பதற்கு இது துணைபுரியும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அரசின் பற்றாக்குறையை நிரப்புவதே உண்மை நோக்கம் என்று மக்கள் கருதினர். குளிர்காலத்தில் கணப்பை அணைக்க இயலாத முதியோர் நிலை நாடெங்கும் பேசப்பட்டது. 1994 டிசம்பரில் இரண்டாம் படி உயர்வு மக்களவையில் தோற்றது. 1997-இல் எட்டும் ஐந்தாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாவது, பிரான்சில் நேர்ந்தது. அங்கே 2014-இல் டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய கரி வரி, 2018-இல் 44.60 யூரோவாக உயர்ந்தது. மறு ஆண்டு 55 ஆக உயர இருந்தது. அதே 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெருஞ்செல்வர் மீதான செல்வ வரி நீக்கப்பட்டு, நிலம் வீடு ஆகியவற்றின் மீது மட்டும் வரி நின்றது. பேருந்து வசதியற்ற சிற்றூர்களில் பழைய டீசல் வண்டியில் வேலைக்குச் செல்வோர் எரிபொருளுக்கு மேன்மேலும் கொடுக்க வேண்டியிருந்தது. பன்னாட்டு வானூர்தி எரிபொருளுக்கோ அவ்வரி இல்லை. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் மேற்சட்டை அணிந்து இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சாலைகளை மறித்தனர். டிசம்பரில் அரசு உயர்வைக் கைவிட்டது. அவர்கள் எல்லாரும் காற்று மாசுபடுவதை விரும்பியவர்கள் அல்லர். சுமை நேராகப் பங்கிடப்படவில்லை என்பதே அவர்கள் முறையீடு.

திருப்பிக் கொடுத்தவர்கள்

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வேறு வழி சென்றது. 2008 ஜூலையில் டன்னுக்கு 10 வெள்ளியாகத் தொடங்கி 2012-இல் 30 வெள்ளியை எட்டிய கரி வரியின் வருவாய் முழுவதையும் வேறு வரிகளைக் குறைத்தும், குறைந்த வருவாயினர்க்கு நேரே பணம் அளித்தும் மக்களுக்கே திருப்பியது. குளிர் மிகுந்த வடபகுதியினரும் சிற்றூர்வாசிகளும் தம் குற்றமின்றியே மிகுதியாக எரிக்கின்றனர் என்று உணர்ந்து, 2011 முதல் அங்குள்ள வீட்டு உரிமையாளர்க்கு ஆண்டுக்கு 200 வெள்ளி வரை தனிச்சலுகை தந்தது. ஒரே வருவாயினர்க்கு உள்ளேயும் வேறுபாடு உண்டு என்பதை இது காட்டுகிறது.

எனினும் அவ்வழியும் நிலைக்கவில்லை. கனடா முழுவதிலும் பொதுமக்கள் மீதான கரி வரி 2025 ஏப்ரல் முதல் நாளில் நீக்கப்பட்டது; பிரிட்டிஷ் கொலம்பியாவும் அன்றே நீக்கியது. வரியைத் திருப்பிக் கொடுத்தும், தமக்குத் திரும்பி வரும் தொகை எவ்வளவு என்பதை மக்களில் பலர் அறிந்திருக்கவில்லை என்று கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் ஆராய்ந்த அறிஞர்கள் 2022-இல் எழுதினர். எண்ணெய் நிலையத்தில் கொடுக்கும் காசு நாள்தோறும் கண்ணில் படுகிறது. வங்கிக் கணக்கில் வந்து சேரும் காசு கண்ணில் படுவதில்லை.

நம் வட்டாரத்துக்கு வருவோம். தென்கிழக்காசியாவில் முதன்முதல் கரி வரி விதித்த நாடு சிங்கப்பூர். 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளி. 2024-இல் 25 வெள்ளி. 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை என்று வகுக்கப்பட்டது. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் பெருந்தொழிற்கூடங்களே வரியைச் செலுத்துகின்றன. எந்த அதிகாரியும் நம் அடுக்களைக்குள் நுழைவதில்லை. ஆயினும் மின்நிலையம் செலுத்தும் வரி மின்கட்டணத்தின் வழியே வீட்டுக்கு வரத்தான் செய்யும். அதனை ஈடுசெய்ய வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்பினர்க்கு யு-சேவ் என்னும் கட்டணக் கழிவு அளிக்கப்படுகிறது. சிறிய வீட்டுக்குக் கழிவு மிகுதி. பெரிய வீட்டுக்குக் குறைவு. 1662-இல் அடுப்பை எண்ணினர். இன்று அறையை எண்ணுகின்றனர்.

மலேசியாவில் சிக்கல் மறுபுறமிருந்து தொடங்கியது. அங்கே எரிபொருளுக்கு வரிக்கு மாறாக மானியம் இருந்தது. எல்லார்க்கும் ஒரே மலிவு விலை என்றால் பெரிய வண்டியில் நெடுந்தொலைவு செல்பவர்க்கே மானியத்தில் பெரும்பங்கு போய்ச் சேரும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் நீக்கப்பட்டு விலை 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது, தகுதியுடைய வண்டியுரிமையாளர்க்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. விலையை உயர்த்துவதோடு நில்லாமல் ஈடும் செய்ய வேண்டும் என்னும் பாடம் இங்கும் தென்படுகிறது.

வரலாறு கூறுவது

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன சில. எதை அளப்பது என்பது முதற்கேள்வி. அடுப்பும் சாளரமும் அறையும் செல்வத்தின் அடையாளங்களேயன்றிச் செல்வம் ஆகா. பெரிய குடும்பமாகையால் பெரிய வீட்டில் நெருங்கி வாழும் ஏழையும் உண்டு. சிறிய வீட்டில் தனித்து வாழ்ந்து மாதந்தோறும் வானூர்தி ஏறும் செல்வனும் உண்டு. எப்படி வாங்குவது என்பது அடுத்த கேள்வி. நேரிய வரியும் முறையற்று வாங்கினால் கொடுமையாகிவிடும் என்பதை 1689 காட்டிற்று. வாங்கியதை என் செய்வது என்பது இறுதிக் கேள்வி. அதற்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விடை இன்றும் எண்ணத்தக்கது. தூய அடுப்புக்கு மாறுமாறு ஏழையைப் பணிக்கும் அரசு, அவ்வடுப்பு வாங்கவும் துணைநிற்க வேண்டும்.

உலகம் வெப்பமடைவதனால் முதலில் வருந்துபவரும் ஏழையரே. வெள்ளம் புகுவது தாழ்ந்த நிலத்துக் குடிசையில். வெயிலில் நின்று உழைப்பவர் கூலித் தொழிலாளர். ஆகவே ஏழையின் பேரைச் சொல்லிப் புகையைக் குறைக்காது விடுவதும் அவர்களுக்கு நன்மையாகாது. புகையைக் குறைத்தேயாக வேண்டும்; அதன் செலவைப் புகைத்த அளவுக்கும் தாங்கும் ஆற்றலுக்கும் ஏற்பப் பங்கிட வேண்டும்.

வகுப்பில் ஆசிரியர்கள் இதனை எடுத்துரைக்கும்போது, மேலே கூறிய இரு குடும்பங்களின் கணக்கை மாணவரையே போடச் செய்யலாம். பின்னர் அவரவர் வீட்டு மின்கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் கழிவு எங்கே குறிக்கப்பட்டுள்ளது என்று தேடச் செய்யலாம். தம் வீட்டு நெருப்பின் கணக்கை அறிந்த பிள்ளைகள், நாளை குடிமக்களாகி நிற்கும்போது, அரசு கேட்கும் காசு எதற்கு என்று கேட்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.